மார்க் குறைவு, ஆனால் கன்சல்டிங் இன்டர்வியூ வந்துவிட்டது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கை 6.8 சிஜிபிஏவோடு முடித்தவள் நான். ஒரு அரியரும் உண்டு. இரண்டு வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்து, எம்பிஏ படித்து, கம்பெனிகளுக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் வேலையில் சேர்ந்தேன். அங்கே இருந்த ஏழு வருடத்தில் கடைசி நான்கு வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இன்டர்வியூ எடுத்தேன். இப்போது ஜூனியர்களுக்கு அந்த இன்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

ஷார்ட்லிஸ்ட் வந்த அன்று ராத்திரி எனக்குப் போன் வரும். “அக்கா, பேர் வந்துடுச்சு” என்பார்கள். அடுத்த மூச்சில் “ஆனா என் மார்க்...” என்று குரல் இறங்கும். ஒரே சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கன்சல்டிங் இன்டர்வியூ எத்தனை கட்டம்? மார்க்கை எந்தக் கட்டத்தில் பார்க்கிறார்கள்?

மெக்கின்சி, பிசிஜி, பெய்ன் போன்ற நிறுவனங்களிலும் சரி, டெலாய்ட், ஈஒய், கேபிஎம்ஜி, பிடபிள்யூசி ஆகியவற்றின் ஆலோசனைப் பிரிவுகளிலும் சரி, வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ரெஸ்யூமேவைப் பார்த்து வடிகட்டுவார்கள். சில இடங்களில் நடுவே ஒரு ஆன்லைன் தேர்வு இருக்கும். மெக்கின்சியில் அது விளையாட்டு வடிவில் வருகிறது, பெயர் ‘சால்வ்’. பிறகு நேர்முகச் சுற்றுகள். ஒவ்வொன்றிலும் உங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு, அப்புறம் ஒரு கேஸ். ஒரு கம்பெனியின் சிக்கலைச் சொல்லி, இதை எப்படி அணுகுவீர்கள் என்று கேட்பார்கள்.

மார்க் முழு பலத்தோடு வேலை செய்வது முதல் கட்டத்தில்தான். குவிந்து கிடக்கும் ரெஸ்யூமேக்களிலிருந்து சிலரை மட்டும் எடுக்க வேண்டும். எல்லார் தாளிலும் இருக்கிற, சட்டென்று ஒப்பிட முடிகிற எண் அதுதான்.

அக்கா, எனக்கு 6.4 தான். என்னைத் தப்பா கூப்பிட்டிருப்பாங்களோ?

இல்லை. உங்கள் 6.4 அந்தத் தாளில் அச்சாகி இருக்கிறது. அதைப் பார்த்த ஒருவர், அதற்குப் பக்கத்தில் இருந்த வேறு எதையோ பார்த்து உங்கள் பெயரை ‘ஆம்’ பக்கம் வைத்திருக்கிறார். அது நீங்கள் செய்த புராஜெக்டாக இருக்கலாம், பார்த்த வேலையாக இருக்கலாம், மாநில அளவில் ஆடிய கபடியாகவும் இருக்கலாம். அது என்னவாக இருக்கும் என்று உட்கார்ந்து யோசியுங்கள். நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

ஒரு கேஸ் இன்டர்வியூவுக்கு அனுபவமுள்ள கன்சல்டன்ட் ஒருவரின் முக்கால் மணி நேரம் செலவாகிறது. வாடிக்கையாளருக்குக் கட்டணம் போட்டு விற்கிற நேரம் அது. உங்களை எடுக்கவே முடியாது என்று முடிவு கட்டிவிட்டு அந்த நேரத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

அப்படின்னா இனிமே மார்க் ஒரு பொருட்டே இல்லையா?

“கதவு திறந்துவிட்டால் மார்க்கை யாரும் பார்ப்பதில்லை” என்று சீனியர்கள் தைரியம் சொல்வார்கள். அது பெரும்பகுதி உண்மை. மீதியைச் சொல்லாமல் விட்டால் உங்களைத் தயாரில்லாமல் அனுப்பியது போல ஆகிவிடும்.

உள்ளே போன பிறகும் மார்க் மூன்று இடங்களில் எட்டிப் பார்க்கும். ஒன்று, நேரடியாகவே “ஏன் குறைந்தது” என்று கேட்பார்கள். இரண்டாவது, இன்டர்வியூ எடுப்பவரின் மனதில். எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920-லேயே இதை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களை மதிப்பிட்டபோது, ஒரு குணத்தில் நல்ல மதிப்பு கொடுத்தவர்களுக்கு மற்ற குணங்களிலும் நல்ல மதிப்பே கொடுத்திருந்தார்கள். மார்க்கும் அப்படித்தான் வேலை செய்யும். 9.2 வைத்திருப்பவர் கணக்கில் தடுமாறினால் ‘பதற்றம்’ என்று தோன்றும். 6.4 வைத்திருப்பவர் அதே தடுமாற்றம் தடுமாறினால் ‘நினைத்தேன்’ என்று தோன்றும். நியாயமில்லைதான். நானே இப்படி நினைத்துவிட்டு, பிறகு என்னைத் திருத்திக்கொண்ட நாட்கள் உண்டு. ஆனாலும் முதல் பத்து நிமிடம் கேஸை ஒழுங்காகக் கொண்டுபோனால் இந்த நினைப்பு கரைந்துவிடும். மூன்றாவது இடம், முடிவெடுக்கும் அறை. அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

நாங்க வெளியே வந்ததும் உள்ளே என்ன பேசுவீங்க?

நான் இருந்த அறைகளில் நடந்ததைச் சொல்கிறேன். கேம்பஸில் ஒரு வகுப்பறை. மேசையில் ஆறிப்போன காபி, மாணவர்கள் கணக்குப் போட்ட தாள்கள். ஒவ்வொரு பெயராக எடுப்போம். இன்டர்வியூ எடுத்தவர் தன் மதிப்பெண் தாளைப் படிப்பார்: சிக்கலைப் பிரித்த விதம், கணக்கு, முடிவுக்கு வந்த விதம், பேச்சு. “இவளைக் கிளையன்ட் முன்னால் உட்கார வைப்பேனா?” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார்.

இன்டர்வியூ எடுத்த இரண்டு பேருமே தெளிவாக ‘ஆம்’ என்றால் யாரும் சிஜிபிஏவைத் தேடமாட்டார்கள். இரண்டு பேரும் ‘வேண்டாம்’ என்றாலும் அப்படித்தான், 9.5 கூட அங்கே காப்பாற்றாது. ஒருவர் ஆம், ஒருவர் இழுவை என்று நிற்கும்போதுதான் யாராவது ரெஸ்யூமேவை மறுபடி கையில் எடுப்பார்கள். அப்போது 6.4 கண்ணில் படும். அந்த நேரத்தில் “அதை நான் கேட்டேன், நல்ல பதில் சொன்னாள்” என்று உங்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும். ‘ஏன் குறைந்தது’ என்ற கேள்விக்கு நீங்கள் சொல்கிற பதில், நீங்கள் இல்லாத அந்த அறையில் இன்னொருவர் எடுத்துச் சொல்வதற்காகத்தான். அதனால் ஒரே மூச்சில் திருப்பிச் சொல்கிற அளவுக்கு அது சின்னதாக இருக்க வேண்டும்.

சரி, “ஏன் மார்க் குறைந்தது?” என்று கேட்டால் என்ன சொல்வது?

முப்பது, நாற்பது நொடிக்குள் முடியுங்கள். நடந்தது என்ன, அதில் உங்கள் பங்கு என்ன, பிறகு என்ன மாறியது, அதற்குச் சாட்சி என்ன. வாத்தியாரைக் குறை சொல்லாதீர்கள், சிலபஸைக் குறை சொல்லாதீர்கள். “மார்க் முக்கியம் இல்லை என்று நினைத்தேன்” என்பது எல்லாவற்றையும்விட மோசம். நாளைக்குப் பிடிக்காத வேலை வந்தால் இதையும் அப்படித்தான் நினைப்பார் என்று தோன்றிவிடும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். மொத்தம் 6.9. முதலில் ஐந்து நிமிடம் பேசினான். வெட்டி வெட்டி இப்படி ஆக்கினோம்: “பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். முதல் இரண்டு வருடம் பாடத்தை ஆங்கிலத்தில் பின்தொடரவே சிரமப்பட்டேன். யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டது என் தவறு. மூன்றாம் வருடம் நான்கு பேர் சேர்ந்து தினமும் ராத்திரி படிக்க ஆரம்பித்தோம். முதல் நான்கு செமஸ்டரில் என் சராசரி 5.9, கடைசி நான்கில் 7.9.” அவ்வளவுதான். 6.9 என்ற ஒற்றை எண்ணுக்குள் இப்படி ஒரு ஏற்றம் இருப்பது அவனுக்கே அதுவரை தெரியாது. உங்கள் மார்க் ஷீட்டை எடுத்து செமஸ்டர் வாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஏற்றமே இல்லை, எட்டு செமஸ்டரும் ஒரே மாதிரி என்றால், இல்லாததைக் காட்ட முயலாதீர்கள். அந்த நேரம் வேறு எதில் போனது, அதில் என்ன விளைந்தது என்று சொல்லுங்கள். எதிலும் போகவில்லை என்றால் “அப்போது கவனமில்லாமல் இருந்தேன்” என்று ஒப்புக்கொண்டு, பிறகு செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு டயாலிசிஸ். அதனாலதான் ரெண்டு செமஸ்டர் போச்சு. சொன்னா அனுதாபம் தேடுற மாதிரி இருக்காதா அக்கா?

இருக்காது, சொல்லலாம். உண்மையான காரணத்தை மறைத்து, “கவனம் சிதறிவிட்டது” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் கேட்பவர் தவறாகத்தான் புரிந்துகொள்வார். ஒரு வரியில் சொல்லுங்கள்: அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை, வாரம் மூன்று நாள் நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். விவரம் வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள். எல்லாரும் கேட்கமாட்டார்கள்.

சொல்லும்போது தொண்டை அடைத்தால் பரவாயில்லை. ஆனால் வீட்டிலேயே நாலைந்து தடவை சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள். முதல் தடவை அந்த வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வருவது அந்த அறையில் இருக்கக் கூடாது.

கேட்கலைன்னா நானே மார்க் விஷயத்தை எடுக்கட்டுமா?

வேண்டாம். அவர்களுக்கு அது உறுத்தவில்லை என்று எடுத்துக்கொண்டு கேஸில் கவனம் வையுங்கள்.

மார்க் குறைந்த பாடத்திலிருந்தே கேள்வி கேட்பார்களா?

கேட்பார்கள். கேஸ் கம்பெனிக்கு இது எதற்கு என்று நானும் நினைத்திருந்தேன். என் கடைசிச் சுற்றில் பார்ட்னர் ஒருவர், அதாவது கம்பெனியின் மூத்த பங்குதாரர், என் மார்க் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைத்திருக்கிறாய். சரி, ஃபிரிட்ஜ் எப்படிக் குளிர்விக்கிறது என்று என் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்” என்றார். நல்லவேளை, அரியர் எழுதும்போது அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்திருந்தேன். “ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை ஒரு திரவம் உறிஞ்சி ஆவியாகிறது, கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது, பின்பக்கக் குழாயில் அந்தச் சூடு வெளியே போகிறது. அதனால்தான் ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடும்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கேஸுக்குப் போனார்.

நான் தெர்மோடைனமிக்ஸ் மேதையா என்று அவர் பார்க்கவில்லை. விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேனா என்று பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். அதனால் குறைந்த மார்க் வாங்கிய இரண்டு மூன்று பாடங்களின் அடிப்படையை மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து புரட்டுங்கள். எளிய வார்த்தையில் சொல்ல முடிந்தால் போதும்.

மேத்ஸ்லதான் எனக்கு மார்க் போச்சு. கேஸ்ல கணக்கு வருமே, என்ன பண்றது?

இதை மட்டும் சாக்குச் சொல்லித் தாண்ட முடியாது. கணக்குத் தாளில் மார்க் குறைந்தவரை அவர்கள் கணக்கில்தான் அதிகம் உரசிப் பார்ப்பார்கள். ஆனால் கேஸில் வருவது இன்ஜினியரிங் கணிதம் கிடையாது. பெருக்கல், வகுத்தல், சதவீதம். கால்குலேட்டர் கிடையாது, அவ்வளவுதான்.

ஒரு கேஸ் பாருங்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. வருடம் 40 லட்சம் பீஸ், ஒன்று 150 ரூபாய். ஆக விற்பனை 60 கோடி. லாபம் 7.5 கோடி. ஒரு பீஸுக்கு நூல் செலவு 60 ரூபாய், அது 25 சதவீதம் ஏறிவிட்டது. என்ன ஆகும்? 60-இல் கால்வாசி 15 ரூபாய். 40 லட்சம் பெருக்கல் 15, ஆறு கோடி. விடை வந்துவிட்டது என்று இங்கே நிறுத்துபவர்கள்தான் அதிகம். நல்ல பதில் இன்னும் ஒரு அடி போகும்: “7.5 கோடி லாபத்தில் ஆறு கோடி, அதாவது ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகிறது. முழுவதையும் விலையில் ஏற்ற வேண்டுமென்றால் பீஸுக்கு 15 ரூபாய், அதாவது 10 சதவீதம் ஏற்ற வேண்டும். வாங்குபவர் ஒத்துக்கொள்வாரா என்பதுதான் அடுத்த கேள்வி.” இப்படி ஒருவர் பேசும்போது அவருடைய எம்-3 (மூன்றாவது இன்ஜினியரிங் கணிதத் தாள்) மார்க் என்ன என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நம் பிள்ளைகள் அதிகம் தவறுவது பூஜ்ஜியத்தில். லட்சம், கோடியில் யோசித்துவிட்டு மில்லியனில் சொல்லப் போய் ஒரு பூஜ்ஜியம் கழன்றுவிடும். பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். இதைக் காலையில் பல் தேய்க்கும்போது சொல்லிப் பாருங்கள். தினமும் இருபது நிமிடம் என்று மூன்று வாரம் கையால் கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். கணக்குப் போடும்போது வாயைத் திறந்தே போடுங்கள். அமைதியாக இருந்தால் எங்கே தவறினீர்கள் என்று அவர்களால் உதவ முடியாது.

ரெஸ்யூமேவில் சிஜிபிஏ போடாமல் விடலாமா? 6.96-ஐ 7 என்று போடலாமா?

கேம்பஸில் பெரும்பாலும் கல்லூரியின் படிவத்திலேயே அது வந்துவிடும். வெளியிலிருந்து விண்ணப்பித்தால், கேட்காத இடத்தில் விடலாம். கேட்டால் மறைக்க முடியாது. 6.96-ஐ 7.0 என்று போடுவதைவிட 6.96 என்றே போடுங்கள். 6.6-ஐ 7 ஆக்குவது பொய். சேரும்போது பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் மார்க் ஷீட்டைக் கல்லூரியோடு சரிபார்ப்பார்கள். இப்போது பல பல்கலைக்கழகச் சான்றிதழ்கள் டிஜிலாக்கரிலேயே கிடைக்கின்றன. மார்க் குறைந்ததால் போன ஆஃபரைவிட, மார்க்கை மாற்றி எழுதியதால் போன ஆஃபர் வலிக்கும். அப்படி ஒருவர் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அரியர் எல்லாம் கிளியர் பண்ணிட்டேன். ஆனாலும் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்’ இருக்கு. அது பிரச்சினையா?

நிலுவையில் இருக்கிற அரியரும் முடித்துவிட்ட அரியரும் வேறு வேறு. நிலுவையில் இருந்தால் பல இடங்களில் விண்ணப்பிக்கவே முடியாது. முடித்துவிட்ட அரியர் அண்ணா பல்கலைக்கழகத்தில் டிஸ்டிங்ஷனைத் தடுக்கும், ஏனென்றால் எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். சில கம்பெனிகள் ‘அரியர் வரலாறே கூடாது’ என்று விதி வைப்பதுண்டு. உங்களை அழைத்துவிட்டார்கள் என்றால் அந்தத் தடையைத் தாண்டிவிட்டீர்கள். இனி அது மேலே சொன்ன ஃபிரிட்ஜ் மாதிரிக் கேள்விதான்.

பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கை ஏன் இன்னும் கேட்கிறார்கள்?

எம்பிஏ கேம்பஸில்தான் இது அதிகம். பல ஐஐஎம்கள் சேர்க்கையிலேயே கேட் (CAT) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு பத்து, பன்னிரண்டு, டிகிரி மார்க்குக்கும் இடம் ஒதுக்குகின்றன. பிளேஸ்மென்டிலும் அதே பழக்கம் தொடர்கிறது. வகுப்பில் எல்லாரும் நல்ல கேட் மதிப்பெண்ணோடு வந்தவர்கள். பிரித்துப் பார்க்கப் பழைய மார்க்தான் கிடைக்கிறது. பதினைந்து வயதில் எழுதிய பரீட்சை இருபத்தைந்து வயதில் துரத்துவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. நான் இருந்த தேர்வுக் குழுக்களில் இதைச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தச் சண்டை ஷார்ட்லிஸ்டோடு முடிகிறது. உள்ளே பத்தாவது மார்க்கை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் மார்க்கே சொல்ல வேண்டாமாமே? லண்டனிலும் பார்ப்பதில்லையாமே?

அமெரிக்காவில் வார்ட்டன், சிகாகோ பூத் போன்ற சில பிசினஸ் பள்ளிகளில், எம்பிஏ மார்க்கை வேலை கொடுப்பவர்களிடம் சொல்வதில்லை என்று மாணவர்களிடையே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது எம்பிஏ மார்க்குக்கு மட்டும்தான். அதற்கு முந்தைய டிகிரியின் ஜிபிஏவையும் ஜிமேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் கன்சல்டிங் கம்பெனிகள் கேட்கலாம்.

பிரிட்டனில் மாற்றம் நிஜமாகவே வந்தது. டிகிரியில் குறைந்தது 2:1, அதாவது மேல்நிலை இரண்டாம் வகுப்பு, வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். ஈஒய் அந்த நிபந்தனையை 2015-இல் எடுத்தது. பிடபிள்யூசி 2022-இல் எடுத்தது. இரண்டும் தங்கள் சொந்தத் தேர்வுகளை அதிகம் நம்புகின்றன. அங்கே மாஸ்டர்ஸ் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தி, ஆனால் அந்த ஆன்லைன் தேர்வுகளுக்குப் படிக்க வேண்டும்.

கூகுளே மார்க் பார்ப்பதில்லை என்கிறார்களே, கன்சல்டிங்கில் மட்டும் ஏன்?

கூகுளின் மனிதவளப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் ஒரு பேட்டியில், வேலைக்கு எடுக்க ஜிபிஏ உதவுவதில்லை என்றார். அதையே எல்லாரும் பகிர்கிறார்கள். அதே பேட்டியில் அவர் ஒரு விதிவிலக்கும் சொன்னார்: கல்லூரியிலிருந்து புதிதாக வருபவர்கள் விஷயத்தில் மட்டும் லேசான தொடர்பு இருக்கிறது என்று. கன்சல்டிங் கம்பெனிகள் எடுப்பது பெரும்பாலும் அந்தப் புதியவர்களைத்தான். மூன்று, நான்கு வருட அனுபவத்தோடு போகிறவர்களிடம் சிஜிபிஏ பேச்சு மிகவும் குறைந்துவிடும்.

மேடம், என் பையனுக்கு 6.2. இன்டர்வியூ வந்திருக்கு. “இந்த மார்க்குக்கு இதெல்லாம் கிடைக்காது, பேங்க் எக்ஸாமுக்குப் படி”ன்னு சொல்றேன். தப்பா?

பேங்க் பரீட்சைக்குப் படிப்பதில் தப்பே இல்லை, சார். அதை இன்டர்வியூ முடிந்த மறுநாள் சொல்லுங்கள். ஷார்ட்லிஸ்ட் வந்ததே சாதாரண விஷயம் இல்லை. இன்டர்வியூ வரைக்கும் அவனுக்கு வீட்டில் ஒரு அமைதியான மூலையும், முடிந்தால் எதிரே உட்கார்ந்து கேஸ் கேட்க ஒரு ஆளும் வேண்டும். கேஸை வாசித்துக் காட்ட உங்களுக்கு பிசினஸ் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் கடை வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், “நம்ம கடையில போன தீபாவளியைவிட இந்தத் தீபாவளிக்கு ஏன் லாபம் குறைஞ்சது?” என்று கேட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல கேஸ் புத்தகத்தில் கிடைக்காது.

ரெண்டு இடத்துல கடைசி ரவுண்டு வரை போய் ரிஜெக்ட் ஆயிட்டேன். மார்க்தான் காரணம்னு தோணுது. எப்படித் தெரிஞ்சுக்கறது?

இதுதான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. இழுவையில் நின்ற முடிவில் மார்க் கொஞ்சம் சாய்த்திருக்கலாம். அந்த அறையைப் பற்றி முன்பே சொன்னேன். ஆனால் இழுவைக்குக் கொண்டுவந்தது கேஸில் ஏதோ ஒன்று. அதைத்தான் நீங்கள் மாற்ற முடியும். எச்ஆரிடம் மரியாதையாக ஃபீட்பேக் கேளுங்கள், சில இடங்களில் சொல்வார்கள். சொல்லாவிட்டால், இன்டர்வியூ முடிந்த அன்றே நினைவிலிருந்து கேஸை முழுக்க எழுதுங்கள். எங்கே அவர் உங்களை இடைமறித்தார், எங்கே “வேறு ஏதாவது?” என்று கேட்டார் என்று குறியுங்கள். இரண்டு இன்டர்வியூவிலும் ஒரே இடத்தில் குறி விழுந்திருந்தால் காரணம் அங்கே இருக்கிறது.

ஆஃபர் வந்துடுச்சு அக்கா! ஆனா கடைசி செமஸ்டர்ல இன்னும் ஒரு பேப்பர் பாக்கி. மார்க் கொறைஞ்சா ஆஃபர் போயிடுமா?

வாழ்த்துகள்! ஆஃபர் லெட்டரின் நிபந்தனைப் பகுதியை இப்போதே எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் டிகிரியை முடித்திருக்க வேண்டும், அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது என்று இருக்கும். சிலவற்றில் குறைந்தபட்ச சிஜிபிஏவும் எழுதியிருப்பார்கள். அப்படி எண் இருந்தால், உங்கள் கணக்கில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போட்டுப் பாருங்கள். சேரும் தேதிக்கு முன் ரிசல்ட் வராது என்று தெரிந்தால் இன்றைக்கே எச்ஆருக்கு மெயில் எழுதுங்கள், கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம் அந்தப் பேப்பரை முடித்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்.